வேம்பின் நிழலும் சூரிய மின்சாரமும்

(சங்க மண்டபத்தில் ஆற்றிய உரை)



நமது மண்டபக் கூரையிற் சூரியத் தகடுகள் பொருத்துவதென்று பேச்செழுந்த நாள்முதல், மேற்கே நிற்கும் வேம்பைத் தறிப்பதா விடுவதா என்பதே வாதமாயிருக்கின்றது. அதுபற்றிச் சில வார்த்தை கூறவே எழுந்தேன்.

நிழல் சிறிதாயின் நட்டமும் சிறிதென்று எண்ணுகிறோம். அப்படியன்று. தகட்டிலுள்ள கலங்கள் மணிமாலைபோலத் தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்றிற் பாதி வெயிலே பட்டால் அதன் மின்னோட்டமும் ஏறத்தாழப் பாதியாகும். ஏனையவும் அதற்குமேற் செலுத்தமாட்டா. நிழற்பட்ட கலம் சூடேறிக் கருகவுங்கூடும். ஆகையால், 60 கலமுள்ள தகட்டில் 20 கலத்துக்கு ஒன்றாக மூன்று இருவாயிகள் வைத்து, மின்னோட்டம் சுற்றிச் செல்ல வழிவிடுவது வழக்கம்.

இங்கேதான் புதுத் தொல்லை பிறக்கின்றது. பத்துத் தகடுகளில் இரண்டின்மேல் அரை நிழல் எனக் கொள்வோம். பத்தையும் பாதி ஓட்டத்தில் இயக்கினால் நூற்றுக்கு ஏறத்தாழ 50 பங்கு வலு. இரண்டை விலக்கி எட்டை முழு ஓட்டத்தில் இயக்கினால் ஏறத்தாழ 80 பங்கு. ஆக, ஏறுவதற்கு இரண்டு குன்றுகள். மின்மாற்றும் கருவியோ அழுத்தத்தைச் சற்றே கூட்டியும் குறைத்தும் பார்த்து, இருட்டில் மலையேறுபவன்போலச் சிறு குன்றின் உச்சியிலேயே நின்றுவிடும். முப்பது பங்கு வீண்! பழியோ வேம்பின்மேல். இடையிடையே அழுத்த எல்லை முழுவதையும் துழாவிப் பார்க்கும் கருவிகள் இன்று கிடைக்கின்றன. வாங்குமுன் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதுவே.

மற்றது, அலையின் செம்மை. தகட்டின் நேரோட்டத்தைச் செக்கனுக்கு 50 சுற்றுள்ள ஆடலோட்டமாக்கும்போது அலையிற் சிறு நெளிவுகள் கலக்கும். முழு வலுவில் இவை அற்பம். நிழலால் வலு தாழ்ந்தவிடத்து இவற்றின் விகிதம் கூடும். இத்தகைய நெளிவு மிகுந்தால் மோட்டார்கள் வீணே சூடேறும். பிற்காலத்துக்கு உதவுமென்று தேவைக்கு மிஞ்சிய பெரிய கருவி வாங்குவதும் இக்காரணத்தால் நன்றன்று.

நமக்கேற்ற வழி யாது? நிழல் படுந் தகடுகளைத் தனித் தொடராக்கி, இரண்டு தனி உள்வாயில்கள் உள்ள கருவியில் இணைத்தால், ஒன்றின் குறை மற்றதைத் தொடாது. சூரியன் தெற்கேயும் வடக்கேயும் சாய்கின்ற மார்கழியிலும் ஆனியிலும், பிற்பகலில் நிழல் எவ்வெவ்விடத்தில் விழுகின்றதென வாலிபர் சிலர் கூரையேறிக் குறித்துத் தரட்டும். கோடரிப் பேச்சை அதுவரை ஒத்திவைப்போம்.