‘சுத்தம்’ என்று வந்த சீட்டு
(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், கொழுந்து நிறை, லயத்துக் கூரை பற்றியெல்லாம் நாம் பல முறை பேசியிருக்கிறோம். இன்று தாய்மார்களின் உயிரைக் காக்கும் ஒரு சோதனையைப் பற்றிப் பேசப்போகிறோம். வெட்கப்பட்டு யாரும் எழுந்து போக வேண்டாம். ஆண்களும் கேட்க வேண்டிய விஷயம் இது.

கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே அறிய ‘பாப் ஸ்மியர்’ என்னும் சோதனை உண்டு. கிரேக்க நாட்டில் பிறந்த டாக்டர் பாப்பனிக்கோலோ, டாக்டர் டிரவுட் என்பவருடன் சேர்ந்து 1943-ல் அமெரிக்காவில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். கருப்பை வாயில் சுரண்டி எடுத்த அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இச்சோதனை ஒழுங்காக நடந்த நாடுகளில், வெளிப்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் அணுக்களில் தோன்றும் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது.

ஆனால் இன்னொரு வகை உண்டு. கருப்பை வாயின் உட்குழாயில் சளி சுரக்கும் சுரப்பி அணுக்கள் இருக்கின்றன. அவற்றில் தோன்றும் புற்றுநோய் அந்த அளவுக்குக் குறையவில்லை. காரணம் என்ன?

ரப்பர் தோட்டத்து நண்பர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாலை நன்றாகக் கலக்காமல் மேலாக முகந்து மெட்ரோலாக் வைத்தால் கிராணிக்குச் சரியான கணக்குக் கிடைக்குமா? சுரப்பியில் தோன்றும் கோளாறு குழாய்க்குள்ளே மேலேயோ, மடிப்புகளின் ஆழத்திலோ இருக்கலாம். வெளியே சுரண்டும் கட்டை அங்கே எட்டாது. அதற்காகச் சிறு தூரிகையை உள்ளே விட்டு எடுக்கிறார்கள். அப்படியும் தப்பிவிடலாம். அகப்பட்டாலும், சாதாரண அழற்சி என்று எண்ணும்படி தோன்றிப் பார்ப்பவரை ஏமாற்றலாம்.

தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்தில், காடி போன்ற திராவகத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனையை நடத்தினார்கள். இந்நோயால் வரும் மரணம் 35 சதவிகிதம் குறைந்ததென்று 2007-ல் முடிவு வெளியாயிற்று. பெரிய காரியந்தான். ஆயினும் உட்குழாய்க்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

இப்போது எச்.பி.வி. என்னும் வைரஸைத் தேடும் சோதனை வந்திருக்கிறது. இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணம் அந்த வைரஸே. சுவீடன், நெதர்லாந்து, இங்கிலாந்து, இத்தாலி ஆகிய நான்கு நாடுகளில் 1,76,000-க்கு மேற்பட்ட மாதரிடம் நடந்த ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். பாப் ஸ்மியரைவிட இது 60 முதல் 70 சதவிகிதம் அதிகப் பாதுகாப்புத் தந்தது. சுரப்பிப் புற்றுநோய் விஷயத்தில் நன்மை சிறப்பாகத் தெரிந்தது. நம் நாட்டிலும் 2019 முதல் அரசாங்கம் இச்சோதனையைப் படிப்படியாகக் கொண்டுவந்தது. மாதிரியைத் தாய்மார்கள் தாமே எடுத்துக் கொடுக்கும் வழியும் உண்டு.

அப்படியானால் பாப் ஸ்மியர் வீணா? இல்லவே இல்லை. கிடைப்பதை விடாதீர்கள். ஆனால் மூன்று விஷயங்களை மனத்தில் வையுங்கள். ஒன்று, ‘சுத்தம்’ என்று சீட்டு வந்தாலும் அடுத்த தவணையைத் தவறவிடாதீர்கள். இரண்டு, ‘சுரப்பி அணுக்களில் மாறுதல்’ என்று சீட்டு வந்தால், இன்னொரு ஸ்மியர் எடுத்துப் பார்ப்பது போதாது. கால்போஸ்கோப் கருவியால் பார்த்து, உட்குழாயிலும் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். மூன்று, உறவுக்குப் பின்னோ மாதவிடாய் நின்ற பின்னோ இரத்தம் கண்டாலும், நீராகவோ சளியாகவோ ஓயாமல் கசிந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள். வைரஸ் இல்லாமல் வரும் சுரப்பிப் புற்றுநோயும் சில உண்டு. ஆகவே எந்தச் சீட்டையும் காட்டி உடம்பின் எச்சரிக்கையை அடக்கிவிட முடியாது.

நிர்வாகத்திடம் நாம் கேட்பது அதிகமல்ல. சோதனை நாளில் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். தானா ராத்தாவுக்குப் போய்வர வண்டி கொடுங்கள். ஈப்போ போன்ற ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அந்த நாளையும் வேலை நாளாக எழுதுங்கள். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று அஞ்சித் தாய் ஒருத்தி நோயை மறைப்பாளானால், அந்தக் கூலியின் விலை என்ன?

கணவன்மார்களே! அன்று குழந்தையையும் அடுப்பையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தாய்மார்களே! தனியாகப் போகக் கூச்சமானால் நான்கு பேராகச் சேர்ந்து போங்கள். சேர்ந்து நிற்பதுதானே சங்கம்!