குதிரையின் மெருகு

ராஜஸ்தானத்தில் அஜ்மீர் நகருக்கு அருகே, குன்றுகளும் மணலும் சூழ அமைந்தது புஷ்கரம். பிரம்மதேவனுக்குரிய கோயிலாலும் திருக்குளத்தாலும் பெயர் பெற்ற அத்தலத்தில், வடநாட்டுக் கணக்கில் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி ஆண்டுதோறும் கூடும் சந்தைக்கு, ஒட்டகங்களோடு குதிரைகளும் வந்து சேருகின்றன. அங்கே மார்வாரிக் குதிரையைக் காண்போர் முதலில் நோக்குவது அதன் செவிகளை. உள்நோக்கி வளைந்து, நுனியோடு நுனி தொடுமாறு நிற்கும் அச்செவிகள் அவ்வினத்தின் முத்திரை. அடுத்து நோக்குவது அதன் மேனியின் பளபளப்பை. அது எங்கிருந்து வருகிறது என்பதை இன்று நாம் சிறிது ஆராய்வோம்.

இது வெறும் அழகைப் பற்றிய ஆராய்ச்சி அன்று. மார்வாரி இனம் அருகிவந்த காலத்தில், 1930களில், ஜோத்பூர் மகாராஜா உமேத் சிங் அதனைப் பேணி வளர்க்க முற்பட்டார். 1999-இல் நம் நாட்டினக் குதிரைகளுக்கென ஒரு சங்கம் தோன்றியது. அழிவின் விளிம்பிலிருந்து மீட்ட ஓர் இனத்தில், கண்காட்சியில் பரிசு பெறும் குதிரையையே பலரும் இனவிருத்திக்கு நாடுவர். ஆகவே களத்தில் நிற்கும் குதிரை உள்ளபடி காட்சி தருகிறதா, மறைத்துக் காட்டப்படுகிறதா என்பது வருங்காலக் குட்டிகளின் நலத்தையும் பொறுத்த விஷயமாகும்.

குதிரையின் தோலிலிருந்து இயற்கையாகவே ஓர் எண்ணெய்ப் பசை சுரக்கின்றது. அது ஒவ்வொரு மயிரிலும் படர்ந்து, மயிர்கள் யாவும் ஒரே திசையில் படிந்து கிடக்கும்போது ஒளி சிதறாமல் திரும்புகிறது. அதுவே மெருகு. குடற்புழு உள்ள குதிரைக்கும், தீனி போதாத குதிரைக்கும் எத்துணை தேய்த்தாலும் இம்மெருகு ஏறாது. ஆகையால் அலங்காரம் தொடங்குமிடம் லாயத்தின் தீனித் தொட்டியே எனலாம்.

தீனிக்கு அடுத்தது அன்றாடத் தேய்ப்பு. முதலில் நான்கு குளம்புகளையும் தூக்கி, அடியிற் சிக்கிய கல்லையும் சாணத்தையும் கொக்கியினால் அகற்ற வேண்டும். பிறகு குரப்பம் எனப்படும் பற்களுள்ள தேய்ப்பானைக் கொண்டு கழுத்திலும் உடலிலும் வட்டம் வட்டமாகத் தேய்த்தால், உதிரும் மயிரும் அழுக்கும் மேலே வரும். எலும்பின்மேல் தோல் மட்டுமே போர்த்திருக்கும் முகத்திலும், முழங்காலுக்குக் கீழும் இதனைப் பயன்படுத்துதல் ஆகாது. அதன்பின் முரட்டுத் தூரிகையால் தூசியைத் தட்டி, மென்தூரிகையை மயிர் போகும் போக்கில் அழுத்தி இழுத்து, இறுதியில் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். கண்ணுக்கும் நாசிக்கும் ஒரு பஞ்சு; வாலடிக்கு வேறொரு பஞ்சு.

சவாரி முடிந்து வந்த குதிரையின் வியர்வையை அப்படியே உலரவிட்டால், அதிலுள்ள உப்பு மயிரில் தங்கி நிறத்தை மங்கச் செய்யும். நீரால் அதனைக் கழுவுவது நன்று. ஆனால் நாள்தோறும் சோப்பிட்டுக் குளிப்பாட்டினால் இயற்கைப் பசையும் உடன் போய்விடும். பகற்பொழுது குறையக் குறையக் குதிரைக்குக் குளிர்கால மயிர் தடிக்கத் தொடங்கும். புஷ்கரச் சந்தை கூடுவதும் அப்பருவத்தில்தான். எனவே இரவில் போர்வையிட்டு மயிரைப் படிய வைப்பர்.

வால்மயிர் எளிதில் அறும். அறுந்தது பழைய நீளத்தை அடையப் பன்மாதங்கள் செல்லும். ஆதலால் சீப்பை மேலிருந்து இழுக்காமல், ஒரு புறமாக ஒதுங்கி நின்று, நுனியிலிருந்து தொடங்கி விரல்களால் சிக்கெடுத்தலே முறை. இங்ஙனம் நாள்தோறும் குதிரையைத் தொடும் கைக்கு மற்றொரு பயனும் உண்டு. காலில் தோன்றும் வெப்பமும், சேணம் உராய்ந்த புண்ணும், உண்ணியும் கண்ணுக்குப் புலனாகுமுன் கைக்குப் புலனாகும்.

எது அலங்காரம், எது மறைப்பு என்பதை இனிக் காண்போம். நான்கு கால்களும் முகமும் வெளுத்த குதிரையைப் பஞ்சகல்யாணி என்று தமிழரும் போற்றுவர். மார்வாரிலும் அதனை மங்கலமாகவே கொள்வர். குதிரைக்குச் சுழி பார்க்கும் வழக்கமும் இரு நாட்டுக்கும் பொது. இந்நம்பிக்கைகளின் உண்மை எவ்வாறாயினும், வெள்ளையை மாவு பூசிக் கூட்டுவதும், வேண்டாத சுழியைக் கத்தரித்துக் கலைப்பதும் வாங்குவோரை ஏமாற்றுவதாகும். வெடிப்புள்ள குளம்பில் கருமை தீட்டுவதும் அத்தகையதே.

இவற்றினும் கொடியதொன்று உண்டு. முகம் வழவழப்பாகத் தோன்ற வேண்டுமென்று உதட்டிலும் கண்ணைச் சுற்றியும் உள்ள நீண்ட மயிர்களை மழித்துவிடுகின்றனர். குதிரைக்குத் தன் மூக்கின் கீழுள்ள பொருள் கண்ணுக்குத் தெரியாது. அம்மயிர்களே அங்கு அதற்கு விரல்களாக உதவுகின்றன. இதனை உணர்ந்து, சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் 2021 ஜூலை முதல், இம்மயிர்கள் மழிக்கப்பட்ட குதிரைகளைத் தன் போட்டிகளில் தகுதியற்றவையாக்கியது. செவியின் உள்மயிரும் பூச்சியையும் தூசியையும் தடுக்கும் காவல். மார்வாரியின் செவியழகைக் காட்ட அதனை வழித்தெடுத்தல், வீட்டின் அழகைக் காட்டக் கதவைப் பெயர்த்தெடுப்பது போன்றதாம்.

மணிமாலையும் வண்ணத் துணியும் அணிவிப்பதில் குற்றமில்லை. அவை மாலையில் கழற்றப்படுவன. கண்காட்சிக்கு முந்திய இரவில் குப்பியிலிருந்து வரும் மெருகோ அடுத்த குளியலோடு கழிந்துவிடும். பல மாதங்கள் தீனியும் உழைப்பும் ஏற்றிய மெருகு, நடுவர் போன பின்னும் குதிரையின் மேனியிலேயே நிற்கும். அதனைக் கண்டறிந்து பரிசளிக்கும் கண் நடுவருக்கும், அதற்கே விலை கொடுக்கும் துணிவு வாங்குவோருக்கும் வாய்க்குமாயின், லாயத்தில் விடியுமுன் எழுந்து குரப்பம் பிடிக்கும் குதிரைக்காரரின் உழைப்பு வீண்போகாது.