நீரறிந்து பெயரிட்ட தமிழர்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கள்ளக்குறிச்சி என்னும் பெயரின் ஈற்றிலேயே திணை ஒலிக்கின்றது. குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊர்க்குரிய பெயர். 2019-ஆம் ஆண்டு விழுப்புரத்தினின்று பிரிந்து தனிமாவட்டமாகிய இந்நிலத்தின் மேல்பால் கல்வராயன் மலை நீண்டு கிடக்கின்றது.

அம்மலை ஏறுவோன் ஈரத்தின் படிகளையே ஏறுகின்றான். அடியினின்று ஏறத்தாழ 1300 அடி வரை முட்புதர்க்காடு. விடத்தேரும் காரையும் சூரையும் கள்ளியும் ஆங்கு நிற்கும். சிற்றிலையும் முள்ளும் சதைத்தண்டும் கிடைத்த நீரைக் காக்க அவை பூண்ட கருவிகள். அதற்குமேல் 2600 அடி வரை இலையுதிர்காடு. கடுக்காயும் கருமருதும் நெல்லியும் அங்குள்ளன. நீர் அருகிய பருவத்து இலையை உதிர்த்து, ஆவியாய் ஈரம் வெளியேறும் வாயிலை அவை அடைத்துவிடுகின்றன. அதனினும் உயர்ந்த மேட்டுநிலத்தில், ஈரம் தங்கும் இடங்களில், பசுமை மாறாச் சோலைகள் உள.

உயரம் ஒன்றே அளவன்று. வறண்ட அடிவாரத்தும் கானாற்றங்கரையில் நீர்மருதும் நாவலும் புங்கும் தழைத்து நிற்கும். செங்காந்தளோ மழை வந்தக்கால் கிழங்கினின்று முளைத்து, இலைநுனிச் சுருளாற் பற்றிப் படர்ந்து பூத்து, ஈரம் வற்றியவுடன் மேலே மடிந்து மண்ணுள் உறங்கும்.

இவ்வறிவைத் தமிழர் பெயரிலேயே பொதிந்து வைத்தனர். நீர்முள்ளி நீர்தங்கும் பள்ளத்தில் வளர்வது. ஆற்றலரி ஆற்றோரத்தது. கல்லால் பாறையிடுக்கில் வேர்விடுவது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், மரத்தையும் பூவையும் கருப்பொருள் என்றும் தொல்காப்பியர் வகுத்ததும், குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் 99 பூக்களை அடுக்கியதும் இவ்வறிவின் வழியே.

இன்றோ மாணவன் நீர்மருதை 'டெர்மினாலியா அர்ச்சுனா' என்றே எழுதுகின்றான். உலக அறிஞர் தம்முள் ஒரு மரத்தை ஐயமின்றிக் குறிக்க அப்பெயர் வேண்டுவதே. ஆயினும், வடமொழி ஒட்டிய அவ்விலத்தீன் பெயரில் நீர் இல்லை. நீர்மருது என அறிந்தவன் கன்றை ஓடைக்கரையில் நடுவான். அறியாதவன் வறண்ட சரிவில் நட்டு, அது கருகக் காண்பான். பெயர் இழந்தவன் மரத்தையும் இழக்கின்றான்.

அமெரிக்க நிலத்தினின்று வந்த உண்ணிச்செடி தமிழகக் காடுகளின் அடித்தளத்தை மூடி, இளங்கன்றுகளை எழவொட்டாது நெருக்குகின்றது. நாவில் வேற்றுச்சொல் செய்வதும் அதுவே.

கல்வராயனில் வாழும் மலையாளி மக்கள் தமிழே பேசுவோர். அங்குள்ள முதியோர் நாவில் இன்னும் வாழும் செடிப்பெயர்களை ஆசிரியரும் இளைஞரும் கேட்டு எழுதுக. ஒவ்வொரு பெயர்க்கும் எதிரே அது வளரும் இடம், வேண்டும் ஈரம், பூக்கும் பருவம் ஆகிய மூன்றையும் குறிக்க. அக்குறிப்பே பள்ளிப் பாடமாகுக; கன்று நடுவோர்க்குக் கைந்நூலாகுக. முதியோர் மறையுமுன் இப்பணி முடிதல் வேண்டும்.

வெல்க தமிழ்!