வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணுக்கு வாயையும் பாருங்க!

(ஒடுகத்தூர் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கர்ப்பமான பொண்ணை "வாயும் வயிறுமா இருக்கா"ன்னு சொல்றது நம்ம வழக்கம். வயித்தை ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறோம். வாயை யார் பார்க்கிறோம்?

பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தா, "புள்ள சுண்ணாம்புச் சத்தை இழுக்குது, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிடறாங்க. அது உண்மை இல்லை. குழந்தை தாயின் பல்லில் இருந்து கால்சியம் எடுப்பதில்லை. ஹார்மோன் கூடுவதால், பல்லில் படியும் அழுக்குக்கே ஈறு சீக்கிரம் வீங்கிவிடுகிறது. ரத்தம் வருதேன்னு தேய்க்காம விட்டா இன்னும் மோசமாகும். மெத்தென்ற பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட், காலை, இரவு இரண்டு வேளை. செங்கல் பொடி, சாம்பல் வேண்டவே வேண்டாம்.

வாந்தி எடுத்த உடனே பிரஷ் பண்ணாதீங்க. வயிற்று அமிலம் பட்டு எனாமல் இளகியிருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து கொப்பளித்துத் துப்புங்க. ஒரு மணி நேரம் கழித்துத் தேயுங்க.

பல் வலியா? "புள்ள பொறக்கட்டும், பார்த்துக்கலாம்"னு தள்ளாதீங்க. சொத்தை அடைப்பது, வேர் சிகிச்சை, பல் எடுப்பது எல்லாமே கர்ப்ப காலத்தில் செய்யலாம். நாலாம் மாதத்தில் இருந்து ஆறாம் மாதம் வரை வசதியான காலம். சீழ் பிடித்தால் எந்த மாதமானாலும் உடனே போங்க. கர்ப்பம்னு முதலிலேயே சொல்லுங்க. மரத்துப்போகப் போடும் ஊசிக்குப் பயப்பட வேண்டாம். ஆபத்து, கடையில் நாமளா வாங்கிப் போடும் மாத்திரையில்தான். இபுபுரூஃபன் பிந்தைய மாதங்களில் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். டெட்ராசைக்ளின் குழந்தையின் பல்லையே கறையாக்கும்.

மாதாமாதம் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை 2016-லிருந்து நடக்குது. அங்கேயே "என் பல்லையும் பாருங்க"ன்னு கேளுங்க. பெரிய சிகிச்சைன்னா அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. ஷூ கம்பெனியில் வேலை செய்யும் சகோதரிகளே, உங்க இ.எஸ்.ஐ. கார்டில் பல் சிகிச்சையும் உண்டு.

ஆனா ஒரு நாள் லீவு போட்டா ஒரு நாள் சம்பளம் போகுதே, அந்தப் பயத்தில்தானே கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு மிஷினில் உட்கார்றீங்க? அதனால் நாம் கேட்பது இரண்டே இரண்டு. பரிசோதனைக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒரு முறையாவது பல் மருத்துவர் பார்த்து, அதை மகப்பேறு அட்டையில் எழுத வேண்டும். இது சலுகை இல்லை, உரிமை.

இதைப் படிக்கிற தம்பிகளே, லைக் போட்டுட்டுப் போயிடாதீங்க. வர்ற 9-ம் தேதி வீட்டுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க.