ஒரு மனிதர் சேர்த்த டிராம்கள்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பெரியவர்களுக்கு மீட்டர் கேஜ் ரயிலைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழும்பூரிலிருந்து மின்சார இன்ஜின் இழுத்து வரும் வண்டி, திண்டிவனம் தாண்டி விழுப்புரத்தில் வந்து நிற்கும். மின்கம்பி அதோடு முடிந்தது. இன்ஜினைக் கழற்றிவிட்டு நீராவி இன்ஜினையோ டீசல் இன்ஜினையோ மாட்டுவார்கள். இந்தியாவிலேயே மீட்டர் கேஜில் மின்சார வண்டி ஓடியது நம்முடைய இந்தத் தடத்தில்தான். 2004-ல் கடற்கரை–தாம்பரம் பகுதியிலும் அது நின்றுபோனது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1953 ஏப்ரலில், சென்னை டிராமும் போய்விட்டது. 1895-ல் தொடங்கிய நாட்டின் முதல் மின்சார டிராம் அது.

இப்படிப் போகிற வண்டிகளைப் போகவிடாமல் பிடித்து வைத்த ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ஓஹியோ மாநிலம், கிளீவ்லாந்து நகருக்குப் பக்கத்தில் ஜெரால்ட் புரூக்கின்ஸ். இழுத்துச் செல்லக்கூடிய வீடுகளை நிறுத்த இடம் வாடகைக்கு விடுவது அவர் தொழில். 1954-ல் பழைய டிராம் பெட்டிகளை வாங்க ஆரம்பித்தார். தன் குடியிருப்புக்குள்ளேயே தண்டவாளம் போட்டார். அங்கே குடியிருந்தவர்கள் டிராம் ஏறிக் கடைக்குப் போய்வந்தார்கள்! அதன் பெயர் டிராலிவில்.

சிகாகோ–அரோரா–எல்ஜின் ரயிலின் பெட்டிகளும் அவரிடம் வந்து சேர்ந்தன. 1957 ஜூலையில் ஒருநாள் நண்பகலில் அந்த ரயில் நிறுவனம் பயணிகள் சேவையைச் சட்டென்று நிறுத்தியது. காலையில் அதில் ஏறி வேலைக்குப் போனவர்களுக்கு மாலையில் திரும்ப வண்டி இல்லை. அப்படிக் கைவிடப்பட்ட பெட்டிகளை வாங்கி, பழுது பார்த்து, மக்களை ஏற்றி ஓட்டியவர் புரூக்கின்ஸ். இதை நான் மிகப் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

1983-ல் அவர் காலமானார். குடும்பத்தார் தொடர்ந்து நடத்தினார்கள். ஆனால் டிராம் என்பது அலமாரியில் வைக்கிற பொருள் அல்லவே. கூரை வேண்டும், தண்டவாளம் வேண்டும், மின்சாரம் வேண்டும், வேலை தெரிந்த கைகள் வேண்டும். 2002-ல் டிராலிவில் மூடப்பட்டது. கிளீவ்லாந்து ஏரிக்கரையில் பெட்டிகளை மறுபடி ஓட்டலாம் என்று ஓர் அமைப்பு பொறுப்பேற்றது. பணம் திரளவில்லை. 2009-ல் பெட்டிகள் வெவ்வேறு அருங்காட்சியகங்களுக்குப் பிரித்து விற்கப்பட்டன. அரோரா–எல்ஜின் பெட்டிகள் சில, தாம் ஓடிய இல்லினாய் மாநிலத்துக்கே திரும்பி, அங்குள்ள ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த மட்டில் அவர் உழைப்பு வீண்போகவில்லை.

நம் விழுப்புரத்துக்கு வருவோம். இங்கே ரயில்வேக் குடும்பங்கள் நிறைய. கைவிளக்கு, பழைய கால அட்டவணை, இன்ஜின் ஷெட்டில் எடுத்த படம் என்று பல வீடுகளில் பரணில் கிடக்கும். தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தாத்தா இருக்கும்போதே, எந்த ஆண்டு, எந்த வண்டி, படத்தில் நிற்பவர் யார் என்று கேட்டுப் பின்பக்கம் எழுதி வையுங்கள். பிற்காலத்தில் யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். விசாரித்துப் பார்க்க, பெரம்பூரில் 2002 முதல் ரயில் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது.