உயிரணுவைக் கொல்லாமற் காண்பது

வங்கிக் காசாளர் ரூபாய் நோட்டை ஊதா விளக்கின் கீழ்ப் பிடித்துப் பார்ப்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். நோட்டிலுள்ள எண்களும் இழைகளும் அப்பொழுது பளிச்சென்று ஒளிர்கின்றன. ஒரு கதிரை வாங்கி அதனை வேறு நிற ஒளியாகத் திருப்பித் தரும் இப்பண்பை நாம் ஒளிர்வு என்போம். உயிரணுவின் உட்புறத்தை, அது உயிரோடிருக்கையிலேயே காண இவ்வொளிர்வு எவ்வாறு துணையாயிற்று என்பதே இன்று நாம் சொல்ல வந்தது.

உயிரணு பெரும்பாலும் கண்ணாடி போன்றது. நுண்ணோக்கியில் அதன் உள்ளுறுப்புகள் தெளிவாகப் பிரிந்து தோன்றா. ஆகவே முன்னாளைய ஆய்வாளர் அதனை இரசாயனத்தில் இட்டுக் கொன்று, சாயமேற்றிப் பார்த்தனர். அதனால் விளைந்த அறிவு சிறிதன்று. ஆயினும் அது, திருவிழாக் கூட்டத்தின் ஒரே புகைப்படத்தைக் கொண்டு, யார் எங்கிருந்து எங்கே சென்றார் என்று ஊகிப்பது போன்றதாகும்.

1961-ஆம் ஆண்டுக் கோடையில் ஷிமோமுரா என்னும் ஜப்பானியர், அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஃப்ரைடே ஹார்பரில் ஜெல்லி மீன்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். நம் கடலோர மக்கள் சொறி என்று சொல்லி ஒதுக்குகிற இனந்தான் அது. அவற்றின் ஒளி எங்கிருந்து வருகிறது என்று பல நாள் தேடியும் விளங்கவில்லை. ஒரு நாள், பயனற்றதென எண்ணிய சாற்றைத் தொட்டியில் கொட்டினார். தொட்டி நீல நிறமாய் மின்னிற்று! தொட்டியில் கடல்நீர் இருந்தது. அதிலுள்ள கால்சியமே சாற்றைத் தூண்டியது. ஏறத்தாழ 10,000 ஜெல்லி மீன்களிலிருந்து அவ்வாண்டு அவர் பிரித்தெடுத்த பொருள் சில மில்லிகிராமே. அதனோடு மற்றொரு புரதமும் கிடைத்தது. நீல ஒளி பட்டால் பச்சையாய் ஒளிர்வது அது. அன்று அதனைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலர்.

அப்பச்சைப் புரதத்தின் மரபணுவை 1992-இல் டக்ளஸ் பிராஷர் பிரித்தெடுத்தார். ஆராய்ச்சிக்குப் பணம் நின்றுபோகவே, அதனைப் பிறருக்கு வழங்கினார். 1994-இல் மார்ட்டின் சால்ஃபி அதனை ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் செலுத்தினார். தொடுவுணர்ச்சி நரம்பணுக்கள் உயிருள்ள உடலுக்குள்ளேயே பச்சையாய் ஒளிர்ந்தன. ரோஜர் சியென் அதற்குப் பல நிறங்களைத் தந்தார். 2008-இல் ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் நோபல் பரிசு கிட்டியபோது, பிராஷர் அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளரை ஏற்றிச்செல்லும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். விருது விழாவுக்கு அவரைத் தம் செலவில் அழைத்துச் சென்றவர்கள் சால்ஃபியும் சியெனுமே. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

இம்முறையின் சிறப்பு யாதெனில், வெளியிலிருந்து சாயம் வேண்டுவதில்லை. மரபணுவைப் பெற்ற உயிரணு, ஒளிரும் புரதத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது. நாம் காண விரும்பும் எந்தப் புரதத்தோடும் அதனை விளக்குப்போல் பிணைத்து விடலாம்.

ஆனால் இங்கும் ஒரு விலை உண்டு. ஒளிரச் செய்ய நாம் பாய்ச்சும் ஒளியே உயிரணுவை வருத்துகிறது. அதன் வேகத்தால் ஆக்சிஜனின் தீய வடிவங்கள் உண்டாகி உள்ளுறுப்புகளைச் சிதைக்கின்றன. ஒளிரும் பொருளும் மெல்ல மங்கிப்போகிறது. நெடுநேரம் பார்த்தால், நாம் காண்பது இயல்பான வாழ்வா, ஒளிபட்ட வேதனையா என்ற ஐயம் எழுகிறது. கொல்லாமற் காண வந்த கருவி, மெல்லக் கொல்லும் கருவியாகலாமா?

கதவிடுக்கு வழியே நுழையும் வெயிற்கீற்றில், அக்கீற்றிலுள்ள தூசு மட்டும் தெரிவதைப் பார்த்திருக்கிறோம். 2004-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரத்து ஆய்வாளர் ஏறக்குறைய இவ்வழியையே கையாண்டனர். தாள்போன்ற மெல்லிய ஒளியைப் பக்கவாட்டில் செலுத்தி, அந்த ஒரு படலத்தை மட்டும் ஒளிரச் செய்தனர்; எஞ்சிய பகுதி இருளில் இளைப்பாறியது. மீன் கருவொன்று வளர்வதையும் அதன் இதயம் துடிப்பதையும், இம்முறையால் இன்று பல மணிநேரம் தொடர்ந்து பார்க்கிறார்கள்.