ஏக்கரில் வாங்கி அடியில் விற்கும் மலை
(ஏற்காட்டில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இந்த ஊருக்கு “ஏழைகளின் ஊட்டி” என்று ஒரு பெயர் உண்டு. யார் வைத்தார்களோ, அதைப்பற்றி நமக்கு வழக்கு இல்லை. நாம் கேட்பதெல்லாம், இது ஏழைகளின் ஊட்டியானால் இதில் ஏழைக்கு மூன்று சென்ட் இடம் எங்கே என்பதுதான். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தோம். வழிநெடுக நாம் கண்டது என்ன? வில்லா மனை, பண்ணை மனை, “கடைசிப் பத்து மனைகள்” என்கிற விளம்பரப் பலகைகள். போன வருஷம் வந்தபோதும் கடைசிப் பத்து மனைதான். இந்த வருஷமும் கடைசிப் பத்து மனைதான். திரௌபதை சேலை மாதிரி உருவ உருவ வந்துகொண்டே இருக்கிறது போலும்!

தோழர்களே! நிலத்துக்கு விலை எப்படி ஏறுகிறது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். “அவனுக்கு யோகம் அடித்தது” என்பான் ஒருவன். “லட்சுமி கடாட்சம்” என்பான் இன்னொருவன். நாம் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. கணக்குக்காக, ஒருவன் ஒரு ஏக்கர் மலை நிலத்தை 40 லட்சத்துக்கு வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். ரோட்டுக்கும் பொது இடத்துக்கும் போக 26,000 சதுர அடி மனையாக மிஞ்சுகிறது. அடி 800 ரூபாய் என்று விற்றால் 2 கோடியே 8 லட்சம். அவன் அந்த மண்ணை உழுதானா? உரம் போட்டானா? ஒன்றுமில்லை. ஏக்கரில் வாங்கினான், அடியில் விற்றான். இடையிலே நடந்தது என்ன? ஒரு ஆபீசில் ஒரு கோப்பிலே விவசாயம் என்று இருந்தது குடியிருப்பு என்று ஆயிற்று. அவ்வளவுதான். அதற்குப் பெயர் நில உபயோக மாற்றம். லட்சுமி வந்து உட்கார்ந்தது மண்ணிலே அல்ல, ஒரு கையெழுத்திலே.

ஆகவே இதை யோகம் என்று சொல்லுகிறவன் ஒன்று விஷயம் தெரியாதவன். அல்லது விஷயம் நன்றாகத் தெரிந்து நம்மிடம் மறைக்கிறவன்.

1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஒரு வட்டாரத்துக்கு முழுமைத் திட்டம் என்று ஒன்று போடுகிறார்கள். எந்தச் சர்வே நம்பர் குடியிருப்பு, எது வியாபாரம், எது தொழிற்சாலை, எது விவசாயம் என்று படத்திலே கலர் அடித்து வைக்கிறார்கள். குடியிருப்புக்கு மஞ்சள், விவசாயத்துக்குப் பச்சை. பச்சைக்கும் மஞ்சளுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் மேலே போட்ட கணக்கு.

இதை ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த புது வேலை என்று நினைத்துவிடாதீர்கள். இன்ன ஜாதி இன்ன தெருவில்தான் இருக்க வேண்டும் என்று அக்கிரகாரம் ஒரு பக்கமும், ஊர்த்தெரு ஒரு பக்கமும், சேரியை ஓடைக்கு அப்பாலும் வைத்தானே, அது என்ன? அதுவும் நில உபயோகத் திட்டம்தான். படம் வரையவில்லை, ஆட்சேபணை கேட்கவில்லை, சாஸ்திரம் என்று சொல்லிவிட்டான். அமெரிக்காவிலும் இந்த யோக்கியதைதான். 1910-ல் பால்டிமோர் நகரத்திலே கறுப்பர் இன்ன தெருவில் குடியேறக் கூடாதென்று நகரசபையே சட்டம் செய்தது. அதே மாதிரி லூயிவில் நகரத்துச் சட்டத்தை 1917-ல் அவர்கள் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்று அடித்துப் போட்டது. அடித்த பிறகு என்ன செய்தான்? நிறத்தைச் சொல்லவில்லை, “இந்தப் பேட்டையில் மனை இவ்வளவு அடிக்குக் குறையக் கூடாது” என்றான். பணமில்லாதவன் தானாகவே வெளியே நின்றான். கறுப்பனும் அவனோடு நின்றான். இங்கே வில்லா மனைக்குக் கேட் போட்டு வாட்ச்மேன் வைத்திருப்பதைப் பார்க்கும்போது நமக்கு அந்த ஞாபகம்தான் வருகிறது.

நிற்க. அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்கலாம். நாம் அப்படிச் சொல்ல வரவில்லை. மலைக்குக் கட்டுப்பாடு வேண்டும். சமவெளியைவிடக் கடுமையாகவே வேண்டும். 1955-லேயே மலைப்பகுதி மரங்களைக் காக்கச் சட்டம் வந்தது. 1990-ல் சர்க்கார் உத்திரவு போட்டு, குறிப்பிட்ட மலைக் கிராமங்களில் மனைப்பிரிவு போடவும் பெரிய கட்டடம் கட்டவும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் சம்மதம் வேண்டும் என்றது. ஏற்காடு தாலூகா கிராமங்களும் அந்த ஜாபிதாவில் உண்டு. ஆபீசிலே ஹாகா, ஹாகா என்கிறார்களே, அது இதுதான். வனத்துறை, சுரங்கத்துறை, வேளாண்மைப் பொறியியல் துறை எல்லோரும் பார்த்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும். ஏன்? சரிவிலே மண்ணை வெட்டினால் மேலே உள்ள மண் கீழே வரும். இதற்குக் காலேஜ் படிப்பு வேண்டியதில்லை. 2024 டிசம்பர் புயல் மழையில் இந்த மலைப்பாதையிலேயே மண் சரிந்து போக்குவரத்து நின்றதே. அதே மழையில் திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வீட்டின்மேல் மண் சரிந்து ஏழு பேர் செத்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். மலையே சாமி என்கிற ஊர் அது. சாமி என்ன செய்தது? குழந்தைகளைப் பெற்றவர்கள் அந்தச் சரிவிலே ஆசைப்பட்டா வீடு கட்டினார்கள்? கீழே தட்டையான இடத்தை வாங்கக் கையில் காசிருந்தவன் எவனாவது அங்கே போய்க் கட்டுவானா?

சேலத்துத் தோழர்களும் இதைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று எண்ண வேண்டாம். உங்கள் ஊருக்குள் ஓடுகிற திருமணிமுத்தாறு இந்த மலையிலே பிறப்பதுதான். இங்கே மரத்தை எடுத்து சிமெண்டைப் போட்டால், மழைத் தண்ணீர் ஒரேயடியாக உங்கள் வீட்டு வாசலைத் தேடி வரும்.

ஆனால் நம் புகார் என்னவென்றால், கட்டுப்பாடு யாருக்கு என்பதுதான். கொடைக்கானலில் இரண்டு தளத்துக்குமேல் கூடாது என்ற விதியிருக்க, பிளசண்ட் ஸ்டே என்கிற ஓட்டல் ஏழு தளம் எழும்பிற்று. 1994-ல் அன்றைய சர்க்கார் அதற்கு விதிவிலக்குக் கொடுத்தது. பழனிமலைப் பாதுகாப்புக் கழகத்தார் கோர்ட்டுக்குப் போய், 1995-ல் சென்னை ஐகோர்ட் அந்த விலக்கு செல்லாது என்று சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு தளத்தை ஏழு தளமாக்குகிற வரையில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிற விதி, ஒரு மலைவாசி தன் மகனுக்கு ஒரு அறை சேர்த்துக் கட்டினால் மட்டும் கண்ணைத் திறந்துகொள்கிறதே, அந்தக் கண் எப்படிப்பட்ட கண்?

இன்னொரு சங்கதி. இதைக் கொஞ்சம் கவனமாய்க் கேளுங்கள். 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றார்கள். 1970-ல் அதை 15 ஆக்கினார்கள். கீழே நஞ்சை வைத்திருந்தவனுக்கு உச்சவரம்பு உண்டு. மலையிலே காபித் தோட்டம், தேயிலைத் தோட்டம் வைத்திருந்தவனுக்கோ அது இல்லை, தோட்டப் பயிர் என்று விலக்கு. ஏன் விலக்கு? தோட்டத்தைத் துண்டு போட்டால் பயிர் கெடும், தொழில் கெடும், கூலிக்காரன் பிழைப்புக் கெடும் என்றார்கள். சரி, ஒப்புக்கொள்வோம். இந்த மலையில் காபி 1820-ஐ ஒட்டி, சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் வந்தது. 200 வருஷமாக எஸ்டேட் எஸ்டேட்டாகவே நின்றது. இப்பொழுது அந்த எஸ்டேட்டில் காபிச் செடியைப் பிடுங்கி, சில்வர் ஓக்கை வெட்டி, மனை மனையாய்க் கல் நட்டால், துண்டு போடக் கூடாதென்று வாங்கின விலக்கு என்ன ஆயிற்று? காபி என்று சொல்லி உச்சவரம்புக்கு வெளியே நின்ற பூமி, காபி போன பிறகு எந்த நியாயத்தில் வெளியே நிற்கிறது? ஏழைக்குப் பங்கு போட வேண்டுமென்றால் அது தோட்டம். பணக்காரனுக்குப் பங்கு போட வேண்டுமென்றால் அது மனை!

அந்தத் தோட்டத்தில் லயன் வீட்டில் இருக்கிறவனை நினைத்துப் பாருங்கள். தோட்டத் தொழிலாளிக்கு முதலாளி வீடு கொடுக்க வேண்டுமென்று 1951-ல் சட்டம் செய்தார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் வீடு வேலையோடு ஒட்டியது. காபி போனால் வேலை போகும். வேலை போனால் கூரையும் போகும். மூன்று தலைமுறை காபி பறித்த குடும்பம், தான் பிறந்த லயன் இடிபட்ட இடத்தில் கட்டுகிற வில்லாவுக்குப் பாத்திரம் துலக்கக் கீழேயிருந்து பஸ் ஏறி வரவேண்டும். மலையாளிப் பழங்குடித் தோழர்கள் சங்கதியோ இன்னும் விசேஷம். மலைக்கு அவர்கள் கும்பிடுகிற சேர்வராயன் பெயர். சட்டசபைத் தொகுதி அவர்களுக்கு ஒதுக்கியது. ஆந்திராவிலே 1959-ம் வருஷத்து விதி, 1970-ல் திருத்தி இறுக்கியது, பழங்குடிப் பகுதி நிலம் வெளியார் கைக்குப் போகாதபடி தடுக்கிறது. தமிழ்நாட்டிலோ அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப்படி அறிவித்த பகுதி ஒன்றுகூட இல்லை. பெயரும் தொகுதியும் அவர்களுக்கு; பூமி விலைக்கு வந்தவனுக்கு.

கலர் மாறுவதால் வருகிற லாபம் ஒருவன் பைக்கே போகவேண்டும் என்பது ஒன்றும் விதியல்ல. நம் தமிழர் வாழ்கிற சிங்கப்பூரில், நில உபயோகத்தைச் சர்க்கார் உயர்த்தி அனுமதித்தால், அதனால் ஏறுகிற மதிப்பில் பெரும்பாலும் நூற்றுக்கு 70 பங்கைச் சர்க்காரே வாங்கிக்கொள்கிறது. இங்கேயும் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்தையும் லாபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

இனி, வாங்குகிறவர் கதை. எல்லோரும் லட்சாதிபதிகள் என்று எண்ண வேண்டாம். சேலத்தில் நமக்குத் தெரிந்த ஒருவர், வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் முப்பது வருஷம் பற்றவைத்துக் கண் கெட்டவர். டவுனில் சிறிய சொந்த வீடு. அதை அடமானம் வைத்து 2014-ல் மலையில் ஐந்து சென்ட் வாங்கினார். வாங்கும் முன் வாஸ்துக்காரரைக் கூட்டி வந்து ஐயாயிரம் கொடுத்தார். ஈசானிய மூலை சுத்தமாக இருக்கிறதென்று அவர் சர்டிபிகேட் கொடுத்தார். விற்றவன் “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது” என்றான். பத்திரத்திலோ புஞ்சை என்று எழுதியிருந்தது. பிறகு 2016 செப்டம்பர் 9-ந் தேதி, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாதென்று ஐகோர்ட் உத்திரவு போட்டபோதுதான் இவர் முதன்முதல் தம் பத்திரத்தைப் படித்தார்! மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கொடுக்கப் பஞ்சாயத்துக்கு அதிகாரமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பாங்கி கடன் தரவில்லை, பிளான் பாஸாகவில்லை. 2017-ல் வரன்முறை விதி வந்தது. மலைப்பகுதிக்குத் தனி விதி 2020-ல்தான் வந்தது. வட்டியோ வரன்முறைக்குக் காத்திருக்குமா? டவுன் வீடு போயிற்று. ஈசானிய மூலை மட்டும் சுத்தமாக இருக்கிறது.

அவரை நாம் கேலி செய்யவில்லை. வாஸ்து பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வில்லங்கம் பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லை. ஆகையால் வாங்க நினைப்பவர்கள் கேட்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் போதாது. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு அங்கீகார எண் என்ன? மலையானால் குழுமத்தின் சம்மதம் எங்கே? 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவானால், 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிந்த எண் எங்கே? “வந்துகொண்டிருக்கிறது” என்று சொன்னால் நீங்கள் வந்த வழியே போய்விடுங்கள்.

விற்கவும் வாங்கவும் போகாத உள்ளூர்த் தோழர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. திட்டப் படம் போடும்போதும், நில உபயோகத்தை மாற்றும்போதும் பத்திரிகையில் விளம்பரம் செய்து, இத்தனை நாளுக்குள் ஆட்சேபணை சொல்லலாம் என்று கேட்கிறார்கள். அது ஒரு மூலையில், பொடி எழுத்தில் வருகிறது. ராசிபலன் பார்க்கிற அதே பத்திரிகையில்தான் வருகிறது. சர்வே நம்பர் போட்டு வருவதால் நம் காடா, பக்கத்து எஸ்டேட்டா என்று நமக்குத் தெரிவதில்லை. கெடு முடிந்த பிறகு ஜே.சி.பி. வந்தால்தான் தெரிகிறது.

அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே இடத்தில், பத்திரமும் பட்டாவும் சிட்டாவும் யார் யாரிடம் இருக்கிறதோ எடுத்து வாருங்கள். ரிவினியூ இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோழர் ஒருவர் உட்கார்ந்து படித்துச் சொல்லுவார். நாம் புலப்படம் கொண்டுவருகிறோம். லயன் வீட்டுத் தோழர்கள் கையில் காகிதம் ஒன்றும் இல்லையென்று வராமல் இருந்துவிட வேண்டாம். எத்தனை வருஷமாக எந்த எஸ்டேட்டில், எந்த லயனில் இருக்கிறீர்கள் என்று எழுதி எடுத்துக்கொள்ளவே ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறோம்.